சீலை விழும்வரை

என் கணவர் கையில் மீன் பையோடு கேற்றைத் திறந்துகொண்டு வருவதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மீன்மேல் கோபமில்லை. அதைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வருகிறாரே, அதுதான். நான் சம்மாட்டியின் மகள். கல்முனைக் கடற்கரையில் என் வாப்பாவுக்குச் சொந்தமாகக் கரைவலை இருந்தது, தோணி இருந்தது, கரையில் வலையும் மீனும் வைக்கிற வாடி இருந்தது. இன்றைக்கு அவையெல்லாம் என் காக்காவிடம், என் அண்ணனிடம், இருக்கின்றன. மீனுக்குக் காசு கொடுக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் ஒருகாலமும் இருந்ததில்லை.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. தோணி கடலுக்குள் போய் வலையை வளைத்து விட்டுவிட்டுத் திரும்பியதும், வலையின் இரண்டு பக்கக் கயிற்றையும் ஆட்கள் மணலில் நின்று இழுப்பார்கள். கூலிக்கு இழுப்பவர்கள் இருப்பார்கள். அவர்களைத் தவிர, அந்த வழியால் போகிற எவரும் கயிற்றில் கை வைக்கலாம். பள்ளியில் தொழுதுவிட்டு வருகிறவராக இருக்கலாம், சைக்கிளை மணலில் சாய்த்துவிட்டு வருகிற கிளாக்கராக இருக்கலாம். கொஞ்ச நேரம் இழுத்தால் போதும். வலை ஏறியதும் அவருக்குக் கறிக்கு மீன் கொடுத்தாக வேண்டும். யாரும் யாரையும் அழைப்பதில்லை, யாரும் கேட்டு வாங்குவதுமில்லை.

இவர் மட்டும் கை வைக்கமாட்டார். கடற்படையில் கொமடோராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், விடியச் சுபஹ் தொழுததும் நேரே கடற்கரைக்குப் போவார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, வலை ஏறும்வரை நிற்பார். பிறகு கூறு வைத்து விற்கிற இடத்துக்குப் போய், எல்லாரையும்போல விலை கேட்டு வாங்கிக்கொண்டு வருவார். தன் சொந்த மச்சானின் வலையில் பட்ட மீனை!

"மச்சான், ஒரு நாளைக்காவது அந்தக் கயித்தப் புடிச்சா உங்கட கொமடோர் பட்டம் கழண்டு விழுந்திருமா?" என்று கேட்பேன்.

"எனக்குச் சொன்னவர் இப்ப இல்ல புள்ள" என்பார். அதோடு கதை முடிந்துவிடும்.

சொன்னவர் என் வாப்பா. யுத்த காலத்தில், ஊர் ஆட்களெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க, இதே கரையில் வைத்துச் சொன்னார். "இனி இந்தக் கயித்தில உங்கட கை படப்படா." அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்காமலே வாப்பா கண்ணை மூடி மவுத்தாகிவிட்டார். எத்தனையோ கப்பல்களை நடத்திய மனிதருக்கு வாழ்க்கையில் மிஞ்சியிருந்த ஒரே ஆசை ஒரு முழம் கயிறு என்பதை வேறு யார் அறியாவிட்டாலும் நான் அறிவேன். அந்த ஒரு முழமும் கிடைக்காமலே இவரும் போய்விடுவாரோ என்ற பயம்தான் எனக்குள்ளே கோபமாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

முதலில் இவர் யாரென்று சொல்லிவிடுகிறேன். இவர் கடற்கரை ஆள் அல்ல. சம்மாந்துறைக்காரர். வயல் வட்டைக்குள் பிறந்து, வரம்பில் நடந்து, குளத்தில் நீந்தி வளர்ந்தவர். கடற்படையில் அதிகாரியாகச் சேரப்போகிறேன் என்றபோது அவருடைய வாப்பா, "வயல் விதைக்கிற குடும்பத்தில கடலுக்கு என்னடா வேல?" என்று கேட்டாராம். எங்கள் ஊரிலும் சும்மா விடவில்லை. எங்கள் பக்கம் பெண்ணுக்குத்தான் வீடு. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவர வேண்டும். சம்மாட்டி வீட்டுக்கு நேவி மாப்பிள்ளை வருகிறாராம், அதுவும் சம்மாந்துறையிலிருந்து வருகிறாராம் என்று கேட்டுக் கடற்கரையே சிரித்தது. "குளத்துக்குக் கப்பல் வுட்டவரா?" என்று என் முன்னாலேயே கேட்டார்கள். நான் வாய்க்காரி. கேட்டவர்களுக்கெல்லாம் பதில் கொடுத்தேன்.

கலியாணத்துக்கு அடுத்த கிழமை வாப்பா இவரைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கயிற்றைக் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னார். புது மாப்பிள்ளை வீறாப்பாக இழுத்து, உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து வந்து நின்றார். ஆனால் கையில் ஒரு கோர்வை பாரைக் குட்டி தொங்கியது. அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. பிறகு வந்த எந்தப் பதவி உயர்வுக்கும் அவர் முகம் அப்படி மலரவில்லை.

அன்றைக்குத்தான் வாப்பா அவருக்குச் சீலைக் கதையையும் காட்டிக்கொடுத்தார். கரைவலையில் தோணிக்காரர்களுக்கு மீன் கூட்டம் தெரியாது. கரையில் மேட்டில் நிற்கிற சம்மாட்டிக்குத்தான் தண்ணீரின் நிறம் தெரியும். அவர் ஒரு வெள்ளைச் சீலைத்துண்டால் வழி காட்டுவார். தலைக்கு மேலே சுற்றினால் இன்னும் வெளியே போ என்று அர்த்தம். வடக்கே வீசினால் வடக்கே, தெற்கே வீசினால் தெற்கே. சீலையைக் கீழே போட்டால் அந்த இடத்திலேயே வலையை விட வேண்டும். இவர் வாப்பாவின் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் கேட்டாராம். அன்றிரவு சோறு தின்னும்போதும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். வாப்பாவுக்கு அது மெத்தப் பிடித்துப்போயிற்று. "நேவிக்காரன் எண்டாலும் கடலைக் கேட்டுப் படிக்கிறான்" என்று உம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு வந்த வருடங்கள் எல்லாம் லீவுக்கு வருவதும் லீவு முடிந்து போவதும்தான். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர். காலையில் பாடசாலைக்குப் போகுமுன் வானொலிச் செய்தி கேட்பேன். கடற்படை என்ற சொல் வந்தால் கை வேலையை விட்டுவிடும். செய்தி முடியும்வரை அடுப்பில் என்ன கருகினாலும் தெரியாது. அந்தப் பயத்தை எல்லாப் பெண்சாதிமாரும் அனுபவித்தோம். அதைப் பெரிதாகச் சொல்லவரவில்லை. எனக்குச் சொல்லவேண்டியது வேறு.

வடக்குக்குத் தரைப்பாதை மூடியிருந்த காலத்தில், திருகோணமலையிலிருந்து சனங்களை ஏற்றிப் போகிற கப்பலுக்கு இவர்தான் காவல் போனார். சில தடவை அந்தக் கப்பலிலேயே பொறுப்பாகவும் போனார். வயதானவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், முன்பின் கடல் ஏறாதவர்கள். கொந்தளிப்பில் எல்லாருக்கும் வாந்தி. இவர் என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வொரு லீவு முடிந்து போகும்போதும் சம்மாந்துறை வளவிலிருந்து ஓர் உரப்பை நிறையத் தேசிக்காய், எலுமிச்சைதான், கொண்டுபோவார். அதை வெட்டி ஆளுக்குப் பாதி கொடுத்து முகரச் சொல்வார். வெள்ளைச் சீருடை போட்ட அதிகாரி ஒருவர் குனிந்து, "அம்மா, தல சுத்துதா? இத மணந்து பாருங்க" என்று தமிழில் கேட்டால் அந்தச் சனங்கள் திடுக்கிட்டுப் போகுமாம். ஒரு கிழவி இவர் கையைப் பிடித்து, "நீ எந்த ஊர்ப் பிள்ளையப்பு?" என்று கேட்டு, இறங்கும்வரை கையை விடவில்லையாம். சிங்களச் சிப்பாய்கள் இவருக்கு 'தெஹி சேர்' என்று பட்டம் வைத்துவிட்டார்கள். தேசிக்காய் சேர் என்று அர்த்தம். அதைக் கேட்டபோது நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். ஆனால் மனசுக்குள் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நோன்பு மாதத்தில் கப்பலில் நோன்பு பிடித்தது இவர் ஒருவர்தான். சமையல்காரர் ஒரு சிங்களவர். அவர் விடியுமுன் தானாகவே எழும்பி, நோன்பு பிடிக்குமுன் இவர் சாப்பிட ஸஹருக்குச் சோறு சூடாக்கிக் கொடுப்பாராம். நோன்பு திறக்கக் கஞ்சியும் காய்ச்சிப் பார்த்தாராம். பிள்ளைகளின் புத்தகத்துக்கு மட்டை ஒட்டுகிற பசை தோற்றுப்போகுமாம் அதற்கு. இவர் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாராம். கடலில் பாங்கு கேட்காது. சூரியன் தண்ணீருக்குள் முழுதாக இறங்குவதைப் பார்த்துத்தான் நோன்பு திறக்க வேண்டும். மேல்தளத்தில் சிப்பாய்கள் நான்கைந்து பேர் இவரோடு நின்று சூரியனைப் பார்ப்பார்களாம். "சேர், போய்ட்டுது, குடிங்க" என்று சொல்வதில் அவர்களுக்குள் போட்டியாம்.

ஒரு தடவை திருகோணமலையில் இவருக்குப் பதவி உயர்வு கிடைத்த வைபவத்துக்கு நானும் போனேன். இவர் நடந்து வரும்போது அவ்வளவு பேரும் ஒரே சத்தத்தில் விறைத்து நின்றார்கள். வீட்டில் சீனிப் போத்தல் எங்கே இருக்கிறது என்று தெரியாத மனிதர்! எங்கள் ஆட்களிலிருந்து அந்த இடத்துக்குப் போனவர்கள் மிகக் குறைவு. அங்கே இவர் தமிழ் பேசுகிறவர், இங்கே இவர் நேவி. இரண்டு பக்கமும் ஒரு கண் இவர்மேல் இருந்தது. அதற்கு நடுவில் முதுகு வளையாமல் நடந்தார். அதைப் பார்த்துத்தான் நான் அன்றைக்கு அழுதேன்.

அப்படிப்பட்டவரை எங்கள் கரைக்கே பொறுப்பாக அனுப்பினார்கள். கொமாண்டராக இருந்த நேரம். ஊரில் எல்லாருக்கும் சந்தோஷம். எங்கள் மருமகன்தான் வந்திருக்கிறார், இனிக் கடலுக்குக் கரைச்சல் இல்லை என்று வாப்பா வாடியில் எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். வாடைக்காற்று அடங்கிக் கடல் படிகிற நேரம் அது. வலைகளின் கிழிசலைப் பொத்தித் தயாராக வைத்திருந்தார்கள்.

பருவம் தொடங்கிக் கொஞ்ச நாள்தான். ஒரு காலை இவர் ஜீப்பில் கடற்கரைக்கு வந்து இறங்கினார். சிப்பாய்களை அனுப்பாமல், சீருடையோடு தானே வாப்பாவிடம் நடந்து போனார். அங்கே நடந்ததைக் காக்கா எனக்கு அன்றைக்கே வந்து சொன்னார்.

"மாமா, வலை வுடலாம். நல்லா விடிஞ்ச பொறகு வுட்டு, பொழுது படுறதுக்கு முதல் ஏத்திரணும். ஆனா இனிச் சீலை காட்டப்படா."

"சீலை காட்டாம எங்க வலைய வுடுற? கண்ணக் கட்டிப்போட்டுச் சோறு தின்னச் சொல்றீங்களா?"

"ஓடர் மாமா."

"ஆர்ட ஓடர்?"

"என்டதான்."

வாப்பா கையிலிருந்த சீலையைச் சுருட்டி இடுப்பில் செருகினாராம். பிறகுதான் அந்தச் சொல்லைச் சொன்னாராம். இவர் தலையை ஆட்டிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அன்றைக்குப் பகல் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். வரவில்லை.

அந்தப் பருவம் முழுக்க எங்கள் வலையைக் குருட்டுவாக்கில் விட்டார்கள். சில நாள் கீரி மீன் பட்டது, பல நாள் பாசியும் சொறிமுட்டையும்தான் ஏறின. ஊர் இவரைக் கரித்துக் கொட்டியது. இவர் வீட்டுக்கு வந்த நாளில் நானும் விடவில்லை. வெள்ளைச் சட்டைக்கு அயன் போட்டுக்கொண்டே ஏசினேன். "என்ட வாப்பாட கையக் கட்டிப்போட்டுத்தானா உங்களுக்குப் பேரெடுக்கணும்?" என்று கேட்டேன். "கப்பல்ல நடந்தது கப்பலோட புள்ள" என்றார். அது இவருடைய பழைய வாசகம். எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்.

வாப்பா இவரோடு பகைத்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது. ஒரே பாயில் இருந்துதான் சாப்பிட்டார்கள். வயலைப் பற்றிக் கதைத்தார்கள், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கதைத்தார்கள். கடலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. வாப்பா மவுத்தானபோது உடலைத் தூக்கிப்போகிற சந்தூக்குக்கு இவர்தான் முதல் ஆளாகத் தோள் கொடுத்தார். யாரும் மறிக்கவில்லை. சந்தூக்கு வேறு, கயிறு வேறு.

யுத்தம் முடிந்தது. சீலை காட்டத் தடையும் இல்லாமல் போயிற்று. காக்கா சம்மாட்டியானார். இவர் கொமடோராகி, ஓய்வு பெற்று, என் வீட்டுக்கே முழுநேரக் குடியாக வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகுதான் அந்தக் கைகட்டி நிற்கும் காலைகள் தொடங்கின. காக்காவும் வாப்பாவைப்போலவே அழுத்தக்காரர். வாப்பா போட்ட சொல்லைத் தான் எடுப்பது மரியாதையில்லை என்று இருந்தார்.

போன பாடசாலை விடுமுறையில் இவருக்கு ஒரு தொலைபேசி வந்தது. முன்பு இவரின் கீழே லெப்டினன்டாக இருந்த ஒரு சிங்களப் பொடியன், இப்போது தானே கப்டனாகிவிட்டாராம். குடும்பத்தோடு பொத்துவில் பக்கம் போகிறாராம், வழியில் 'தெஹி சேரை'ப் பார்க்க வரலாமா என்று கேட்டார். வரச் சொல்லிவிட்டு இவர் என்னிடம் வந்து, "நல்ல மீனா ஆக்கு புள்ள" என்றார். நான் காக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன். "பெரிய பாரை பட்டால் கொண்டுவாங்க, நீங்களும் இருந்து தின்னுங்க" என்றேன்.

வந்தவர்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். வலை ஏறியதும் காக்கா பாரையோடு வந்தார். அந்தக் கப்டனுக்கு இப்போது முன்தலை வழுக்கை, இரண்டு பெண்பிள்ளைகள். அவர் சிங்களத்தில்தான் கதைத்தார். எனக்கு விடுமுறைகளில் கடற்படை முகாம் வீடுகளில் தங்கிப் பழகிய சிங்களம், காக்காவுக்கு மீன் ஏற்ற வருகிற லொறிக்காரர்களோடு பழகிய சிங்களம். எல்லாருக்கும் விளங்கியது.

மீனாணக் குழம்பைச் சோற்றில் விட்டுப் பிசைந்துகொண்டே அந்தக் கப்டன் சிரித்தார். "சேர், வரும் வழியில் கடற்கரையில் ஒருவர் சீலை சுற்றிக்கொண்டு நின்றார். வாகனத்தை நிற்பாட்டச் சொன்னேன். என் பெண்சாதிக்கு அந்தக் கதையைச் சொன்னேன்."

"சீலை சுத்தினது நான்தான்" என்று காக்காவும் சிரித்தார். "என்ன கதை?"

இவர் சட்டென்று, "சாப்பிடுங்க, ஆறப்போகுது" என்றார். நான் இவருடைய முகத்தைப் பார்த்தேன். வாய் சும்மா இருக்குமா? "இல்ல, சொல்லுங்க" என்றேன்.

அவர் சொன்னார். சீலைக்குத் தடை வந்ததற்குச் சற்று முந்தி, இந்தக் கரைக்கு நேரே, டோரா என்று நாங்கள் சொல்கிற வேகப்படகில் இவர்கள் ரோந்து வந்திருக்கிறார்கள். முந்தின நாள்தான் இயக்கத்தின் தாக்குதல் படகுகள் இந்தப் பக்கம் வந்ததாகத் தகவல். எல்லாரும் நித்திரை இல்லாமல், விரல் துடித்துக்கொண்டு இருந்த நேரம். அந்த இளம் லெப்டினன்ட் தூரக்கண்ணாடியில் பார்க்கிறார். கரை மேட்டில் ஒரு கிழவன் வெள்ளைச் சீலையைத் தலைக்கு மேலே சுற்றுகிறான். அவன் சுற்றச் சுற்ற ஒரு தோணி நேரே இவர்களை நோக்கி வெளியே வருகிறது. கிழவன் வடக்கே வீசினால் தோணி வடக்கே திரும்புகிறது. யாரோ கரையிலிருந்து சைகை காட்டித் தோணியைத் தங்கள்மேல் ஏவிவிடுகிறான் என்றே அவர் நினைத்தார். துப்பாக்கிகள் தோணிக்கு நேரே திரும்பிவிட்டன. "சுடவா சேர்?" என்று கேட்டார்.

"சேர் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். வேண்டாம் என்றார். அது மீனுக்குக் காட்டுகிற சீலை, பொறுங்கள், இப்போது அந்த ஆள் சீலையைக் கீழே போடுவார், போட்டதும் தோணியிலிருந்து வலை விழும் என்றார். நான் நம்பவில்லை. தோணி இன்னும் கிட்ட வந்தது. சேர், நாங்கள் எல்லாரும் சாகப் போகிறோம் என்று கத்தினேன். அவர் என் தோளில் கையை வைத்து, சீலை விழும்வரை ஒருவரும் அசையக்கூடாது, பிழையாகிப் போனால் பழி என்மேல் என்றார்."

அவர் தண்ணீர் குடித்தார்.

"சீலை விழுந்தது. தோணியின் பின்னால் நின்றவர் வலையைத் தள்ளத் தொடங்கினார். நான் படகின் தளத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு நிமிஷம் முந்தியிருந்தால் அவ்வளவு பேரையும் நான் கொன்றிருப்பேன்."

காக்கா சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அந்தத் தோணில பின்னுக்கு நிண்டது நான்தான்" என்றார். முதலில் தமிழில் சொன்னார். பிறகு சிங்களத்தில் சொன்னார்.

அந்தக் கப்டன் காக்கா பக்கம் திரும்பினார். "அந்தக் கிழவர்?" என்று கேட்டார்.

"என்ட வாப்பா" என்றேன் நான்.

அவர் இவரைத் திரும்பிப் பார்த்தார். "சேர், உங்கள் மாமனாரா? நீங்கள் சொல்லவேயில்லையே!"

"சொல்லியிருந்தா, சொந்தக்காரனைக் காப்பாத்துறார் எண்டு நினைச்சிருப்பீங்க" என்றார் இவர். அவ்வளவுதான்.

மிச்சத்தையும் அந்த மனிதர்தான் சொல்லி முடித்தார். நடந்ததை அறிக்கை செய்ததும், மேலிடத்தில் இந்தக் கரையில் எந்தத் தோணியும் இறங்கக்கூடாது, முழுதாக மூடிவிடு என்றார்களாம். இவர் நேரே போய் நின்று வாதாடியிருக்கிறார். அது கரைவலை, மூடினால் ஊர் பட்டினி கிடக்கும் என்றிருக்கிறார். கடைசியில் பகலில் மட்டும் வலை விடலாம் என்று அனுமதி வாங்கியிருக்கிறார். சீலை வேண்டாம் என்பது இவராகப் போட்ட ஓடர். அடுத்த ரோந்துப் படகில் சீலையின் அர்த்தம் தெரிந்த ஆள் இருக்கமாட்டானே!

காக்கா எழும்பிக் கையைக் கழுவினார். வந்தவர்களுக்கு ஸலாம்போல ஒரு தலையாட்டல். நேரே கடற்கரைக்குப் போய்விட்டார்.

அவர்கள் பொத்துவிலுக்குப் புறப்பட்டுப் போனதும் நான் தொடங்கினேன். "ஏன் சொல்லல்ல? வாப்பா உசிரோட இரிக்கக்குள்ள ஒரு சொல்லு சொல்லியிருந்தா என்ன?"

"என்னத்தச் சொல்ற? 'மாமா, என்ட படகில இருந்து உங்கட மகனச் சுடப் பாத்தாங்க' எண்டா? அதுக்குப் பொறகு ஆரு கடலுக்கு எறங்குவாங்க? ஊர்ச் சனமும் நேவியும் முகம் பாக்குமா?"

"யுத்தம் முடிஞ்ச பொறகாவது?"

"ஓடர் போட்டது நான். போட்டவன் பொறகு காரணம் சொல்லிக்கொண்டு திரியேலாது புள்ள."

இவ்வளவு காலமும் ஊர் ஏசியதையும், நான் ஏசியதையும், வாப்பாவின் சொல்லையும், எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு ஒரு மனிதர் என் பக்கத்தில் சோறு தின்றிருக்கிறார். எனக்கு வாய்த்தவரை நினைத்து என் நெஞ்சு நிறைந்துபோயிற்று. அதை அவரிடம் சொல்லவும் சொன்னேன். "போ புள்ள, தேத்தண்ணி ஊத்து" என்றார்.

அடுத்த நாள் விடிய வழக்கம்போல இவர் கடற்கரைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். வலை இழுக்கிற நேரம் நாங்கள் பெண்கள் அங்கே போவது குறைவு. அதனால் சற்றுத் தள்ளி, இழுத்துப் போட்டிருந்த ஒரு தோணியின் ஓரத்தில் நின்றேன். காக்கா மேட்டில் நின்று சீலை சுற்றினார். வடக்கே வீசினார். கீழே போட்டார். வலை விழுந்தது. தோணி கரைக்கு வந்து, ஆட்கள் கயிற்றைப் பிடித்தார்கள். இவர் கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றார்.

காக்கா மேட்டிலிருந்து இறங்கி வந்தார். இவருக்கு முன்னால் வராமல், பின்னால் போனார். முதுகுக்குப் பின்னால் கோத்திருந்த இரண்டு கைகளையும் பிடித்துப் பிரித்தார். இவரைத் திருப்பி நிறுத்திக் கயிற்றைக் கைக்குள் வைத்து, தன் கையால் மூடி அழுத்தினார்.

"இழுங்க மச்சான்."

இவர் இழுத்தார். தலை நரைத்த கொமடோர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கூலி ஆட்களுக்கு நடுவில் குதிக்காலை மணலில் ஊன்றி இழுத்தார். இழுத்தவர்கள் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டார்கள். நேற்று நடந்தது அவர்களுக்கும் எட்டியிருக்க வேண்டும். யாரோ ஒருவர், "சம்மாந்துறைக் கை, பாத்து!" என்று சத்தம் போட்டார். எல்லாரும் சிரித்தார்கள், இவரும் சிரித்தார். வலை ஏறியது. நல்ல பாடு. வலையின் மடி நிறையக் கீரி மீன், இடையிடையே பாரைக் குட்டி.

காக்கா இரண்டு பையைக் கொண்டுவந்து நீட்டினார். இவர் ஒன்றை மட்டும் வாங்கினார்.

"ஒண்டு போதும் மச்சான். எல்லாருக்கும் உள்ளதுதான் எனக்கும்."

"அது இண்டைக்குள்ளது" என்றார் காக்கா. மற்றப் பையை இவர் கையில் திணித்தார். "இது சீலை விழுந்த அண்டைக்குள்ளது. அண்டைக்கும் நீங்க எங்கட கயித்தில கை வச்சுத்தான் இரிந்தீங்க. எங்களுக்குத்தான் தெரியல்ல. வாப்பா இரிந்தா அவர்ட கையால தந்திருப்பார்."

இவர் அதையும் வாங்கிக்கொண்டார். வரும் வழியில் ஒரு பையைக்கூட என்னிடம் தரவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது. தேங்காயெண்ணெய் பூசிவிட்டேன்.

பிறகு மீனை வெட்டினேன். இரண்டு பையையும் ஒன்றாகப் போடவில்லை, இரண்டு சட்டியில் ஆக்கினேன். காக்கா அண்டைக்குள்ளது என்று தந்த மீனைத்தான் அவருக்கு முதலில் வைத்தேன்.